பெட்டிக்காரர் பதில்கள்: மூணு கட்டையில் ஒரு பழைய மெட்டு

கே: என் மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் செல்போனில் ஒரு வயலின் இசையைப் போட்டாள். பாட்டே கிடையாது. வயலின் கூட்டம்தான், கால் மணி நேரம். திண்ணையில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார், "இது தோடியாட்ட இருக்குதே, எந்தக் கோயில்ல வாசிக்கறாங்க?" என்று கேட்டார். மகள் சிரித்துவிட்டாள். "ஆத்தா, இது 1910-இல் ஒரு இங்கிலாந்துக்காரர் எழுதினது" என்கிறாள். 'தாமஸ் டாலிஸ் மெட்டின் மேல் ஃபாண்டஸியா' என்று பெயர் சொன்னாள். யார் சொல்வது சரிங்க?
– பள்ளி ஆசிரியை, நம்பியூர்

ப: முதலில் உங்கள் மாமியார் காதுக்கு ஒரு கும்பிடு. சங்கீதம் படித்தவர்களே தாண்டிப் போகிற இடத்தில் கொள்ளு முறத்தோடு நின்று பிடித்திருக்கிறார்.

ஊர் பேரில் மகள் சரி, ஸ்வரத்தில் மாமியார் சரி. எழுதியவர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ். அவருக்கு முந்நூறு வருஷத்துக்கும் முந்தைய டாலிஸ் என்பவரின் மெட்டை எடுத்து விரித்துச் செய்தது. வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூணு கட்டையில் (வெள்ளைக் கட்டைகளில் மூன்றாவது, மேற்கத்தியப் பெயர் E) விரலை வையுங்கள். கறுப்புக் கட்டை ஒன்றைக்கூடத் தொடாமல், வெள்ளையிலேயே மேலே ஏறுங்கள். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். நம் கர்நாடக இசையின் எட்டாவது மேளம் (தாய் ராகம்), அனுமத்தோடி. சங்கராபரணத்தின் காந்தாரத்தை ஸட்ஜமாக வைத்து கிரகபேதம் செய்தாலும் இதேதான் வரும். பழந்தமிழ் இசையின் ஏழு பாலைகளில் விளரிப்பாலை என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான். ஐரோப்பாவின் பழைய தேவாலய இசையில் இதற்கு 'மூன்றாம் முறை' என்று பெயர். ஃபிரிஜியன் என்றும் சொல்வார்கள். மூன்றாம் முறை, மூணு கட்டை. முப்பத்தைந்து வருஷம் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் செய்து பிழைத்தவனுக்கு இப்படி எண்கள் ஒத்துப்போனாலே சந்தோஷம் வந்துவிடும்.

ஆனால் இதைத் தோடி ராகம் என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்வரம் ஒன்றாக இருந்தால் மட்டும் ராகம் வந்துவிடாது. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது. ஊஞ்சல் மாதிரி ஆடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு ஊரே மயங்கிக் கிடந்ததென்றால் அந்த ஆட்டத்துக்குத்தான். பெட்டியில் தோடி வாசித்தால் அழுகிப்போன பழம் மாதிரி இருப்பதும் அதனால்தான். கட்டை ஆடாதே! டாலிஸ் மெட்டில் அந்தக் காந்தாரம் நட்ட கல்லாட்டம் நிற்கும். அதன் அடியில் மற்ற வயலின்கள் வேறு வேறு ஸ்வரங்களைச் சேர்த்து நிறம் மாற்றும். நாம் ஒரு ஸ்வரத்தை அசைத்து அசைத்துச் செய்கிற வேலையை அவர்கள் அடியில் இருப்பதை மாற்றிச் செய்கிறார்கள்.

இன்னொன்று. இந்த இசை முடிவது அந்தர காந்தாரம் (தோடியின் காந்தாரத்துக்கு அடுத்த மேல் கட்டை) சேர்ந்த ஒலியில். அதாவது நடுவில் தோடி, கடைசியில் தோடியில் இல்லாத வெளிச்சம். அடுத்த தடவை போடும்போது கடைசி நீண்ட ஒலி வந்ததும் மாமியாரைக் கேளுங்கள், "இப்பவும் தோடிதானுங்களா அத்தை?" என்று. என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கே: போன இதழில் நீங்கள் சொன்ன டாலிஸ் யார்? எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறேன். அவர் மெட்டு பைபிள் சங்கீதப் புத்தகத்துக்கு எழுதியது என்று கேள்விப்பட்டேன்.
– பாடகர், தாராபுரம்

(வாசகர்களுக்கு: போன இதழில் டாலிஸ் பெயரை ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க.)

ப: கேள்விப்பட்டது சரி. தாமஸ் டாலிஸ் ஏறக்குறைய 1505-இல் பிறந்து 1585-இல் இறந்தவர். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, முதலாம் எலிசபெத் என்று நாலு ஆட்சியில் அரண்மனைத் தேவாலயத்தில் வேலை பார்த்தார். ஆட்சி மாறினால் வழிபாட்டு மொழியும் மாறும். லத்தீன், அப்புறம் ஆங்கிலம், மறுபடி லத்தீன், மறுபடி ஆங்கிலம். தலை உருண்ட காலம் அது. மனுஷன் கேட்டதைக் கேட்ட மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு எண்பது வயது வரை இருந்தார். நாற்பது குரல் நாற்பது வழியில் பாடுகிற ஒரு பாட்டும் அவர் கைவேலைதான்.

1567-இல் பேராயர் மேத்யூ பார்க்கர் சங்கீதங்களை ஆங்கிலச் செய்யுளாக்கிப் புத்தகம் போட்டார். அதற்கு டாலிஸ் ஒன்பது மெட்டு கொடுத்தார். முதல் எட்டும் எட்டு முறைகளில். ஒவ்வொரு முறைக்கும் என்ன குணம் என்று பார்க்கர் ஒரு செய்யுளும் எழுதிவைத்தார். மூன்றாவதைப் பற்றி அவர் சொன்னது: அது சீறும், முரட்டுத்தனமாகக் கத்தும். பொருத்தமாகத்தான் அதை 2-ஆம் சங்கீதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: "ஜாதிகள் கொந்தளித்து, ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?"

எனக்கென்னவோ அந்த மெட்டில் சீற்றமே கேட்கவில்லை. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற அமைதிதான் கேட்கிறது. பேராயரோடு சண்டை போட எனக்குத் தகுதியில்லை, விடுங்கள்.

உங்கள் குழுவுக்குப் பயன்படும் செய்தி ஒன்று: நாலு குரலில் எழுதிய அந்தப் பாட்டில் மெட்டு மேல்குரலில் இல்லை, டெனரில் (ஆண்களின் உயர்ந்த குரலில்) இருக்கிறது. சனங்கள் தனியாகப் பாடினால் டெனரைப் பாடட்டும், குழு இருந்தால் மற்ற குரல்களையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று புத்தகத்திலேயே குறிப்பு இருக்கிறது.

அப்புறம் முந்நூற்றுச் சொச்சம் வருஷம் அது பெரும்பாலும் தூங்கியது. 1906-இல் வந்த ஆங்கிலப் பாமாலை ஒன்றுக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்தவர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ். (எழுத்து ரால்ஃப். அவர் வீட்டில் சொன்னது 'ரேஃப்'.) நல்ல மெட்டு தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டியவர் இதை எடுத்து வேறொரு பாட்டுக்குப் போட்டார். பாமாலையில் அதன் எண் 92. பாட்டின் தொடக்கம், 'மரணப் படுக்கையிலிருந்து எழும்போது' என்ற பொருளில் வரும்.

இந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு மயிர்க்கால் நின்றது. நம் ஏழாம் திருமுறையில் 92-ஆவது பதிகம் எது தெரியுமா? சுந்தரர் பாடிய திருப்புக்கொளியூர் அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையை உயிரோடு மீட்டது. "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்று எமனுக்கே உத்தரவு போடுகிற பதிகம். அங்கே 92, இங்கே 92, இரண்டிலும் செத்தவர் எழுவது. தற்செயல்தான், ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவிநாசிப் பதிகம் குறிஞ்சிப் பண். ஓதுவார்கள் அரிகாம்போதியில் பாடுவார்கள். இருந்தாலும் அவிநாசி கோயிலில் ஓதுவார் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பின்னாலிருந்து வயலின் கூட்டம் ஒன்று மெதுவாக எழுகிறது. என்ன செய்ய?

கே: அடுத்தவர் மெட்டை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வது திருட்டு இல்லையா?
– வாசகர், பெருந்துறை

ப: தலைப்பிலேயே டாலிஸ் பேரைப் போட்டிருக்கிறாரே, திருடன் வீட்டுக்காரன் பேரை நெற்றியில் எழுதிக்கொண்டா வருவான்? நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கு மேலும் 'இன்ன பாட்டு மெட்டு' என்று அச்சடித்திருப்பார்கள், பார்த்ததில்லையா? முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்யம் செய்து வைத்திருக்கிறார், நோட்டுஸ்வரம் என்று பெயர். அவர்களுடைய ராஜ வாழ்த்து மெட்டுக்கு அவர் எழுதியது 'ஸந்ததம் பாஹிமாம்'. அதை யாரும் களவு என்று சொன்னதில்லை.

கே: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு செல்போனில் போட்டேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். திடீரென்று காது கிழிந்தது. எப்படிக் கேட்பது?
– விசைத்தறி உரிமையாளர், உடுமலை

ப: தறி ஓடும்போது போட்டீர்களோ என்று சந்தேகம். கோபிக்காதீர்கள்.

இது செல்போனுக்கு எழுதியது இல்லை. இங்கிலாந்தின் குளோஸ்டர் தேவாலயத்துக்கு எழுதியது. ஆயிரம் வருஷத்தை நெருங்குகிற கல் கட்டடம், பெருந்தூண்கள், தும்மினால் கூட நின்று திரும்பி வரும். 1910 செப்டம்பர் 6 அன்று அங்கே லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்து வான் வில்லியம்ஸ் தாமே நடத்தினார். அன்றைய பெரிய நிகழ்ச்சி எல்கர் எழுதிய 'ஜெரோன்ஷியஸின் கனவு'. கூட்டம் அதற்குத்தான் வந்தது. அதற்கு முன்னால் இது கால் மணி நேரம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஹெர்பர்ட் ஹவல்ஸ், ஐவர் கர்னி என்று இரண்டு பையன்கள். ஹவல்ஸுக்குப் பதினேழு வயது. இரண்டு பேரும் தூக்கம் வராமல் ராத்திரி முழுக்க அந்த ஊர்த் தெருவில் நடந்துகொண்டே இருந்தார்களாம். இருவரும் பிற்பாடு இசையமைப்பாளர்கள் ஆனார்கள்.

வாசிப்பவர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார். பெரிய குழு ஒன்று. தள்ளி உட்கார்ந்த ஒன்பது பேர் குழு ஒன்று. அப்புறம் தனித்தனியாக நாலு பேர். எல்லாம் வில் வாத்தியம். ஊதுவது, அடிப்பது எதுவும் கிடையாது. வள்ளி கும்மியில் வாத்தியார் ஒரு அடி எடுத்துக் கொடுத்ததும் பெண்கள் வாங்கித் திருப்பிச் சொல்வார்கள் இல்லையா? அதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழு ஒன்று சொல்லும், ஒன்பது பேர் அதைத் தூரத்திலிருந்து சன்னமாகத் திருப்பித் தருவார்கள். பவானி கூடுதுறையில் அக்கரையிலிருந்து யாரோ நம்மைக் கூப்பிடுவதுபோல.

ஆக, செய்யவேண்டியது: ராத்திரி தறி நின்ற பிறகு, இரண்டு காதிலும் இயர்போன். ஒரு காது மட்டும் போட்டால் அந்தத் தூரம் போய்விடும். தொடக்கத்தில் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டவேண்டாம். சன்னமான ஒலிக்கு அப்புறம் அடித்தந்திகளை விரலால் சுண்டுகிற சத்தம் வரும், மெட்டின் துண்டு துண்டாக. பாத்திரத்தை மூடியிருந்தாலும் பருப்பு வேகும் வாசனை வருமே, அப்படி. அதற்கப்புறம்தான் நடுக்குரல் வாத்தியங்கள் முழு மெட்டையும் எடுக்கும். மேலே வயலின்கள் சிறகு அடிப்பதுபோல நடுங்கிக்கொண்டிருக்கும். டாலிஸ் மெட்டு அடியை மூன்றாகவும் இரண்டாகவும் மாற்றி மாற்றிப் பிரிக்கும். தாளம் போட்டுப் பார்க்காதீர்கள், கை தடுமாறும். பாதி வழியில் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) ஒன்று தனியாகப் பேச ஆரம்பிக்கும். எனக்கு உயிர் அந்த இடம்.

இதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. 1980-களில் கோவையில் ஒரு கடையில் கேட்கிற பாட்டைக் கேசட்டில் பதிந்து தருவார்கள். இதை அங்கே பதிந்து வாங்கினேன். பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடுகிற கேசட். அதில் முன்னால் வேறெதையோ போட்டு மிச்ச இடத்தில் இதைப் போட்டிருந்தார்கள். பதினோராவது நிமிடம், சத்தம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போகும்போது 'டக்'. நாடா தீர்ந்தது. நான் அதையே முடிவு என்று நினைத்தேன். "என்ன தைரியமான ஆளப்பா, மலை உச்சியில் நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டான்" என்று ஏழு வருஷம் நாலு பேரிடம் மெச்சிப் பேசினேன். அப்புறம் ஒரு நாள் ரேடியோவில் முழுக்கக் கேட்டபோது அது உச்சியிலிருந்து மெல்ல இறங்கி, ஒரு தனி வயலின் மேலே ஏறி, கடைசி ஒலி ஒரே ஒரு நீள மூச்சாக அடங்கியது. பட்டறையில் திறந்துபோட்ட பெட்டியும் கையில் ரீடுமாக உட்கார்ந்திருந்தேன். மெச்சிப் பேசிய நாலு பேரில் மூன்று பேரைத் தேடிப்போய்த் திருத்திச் சொன்னேன். நாலாவது ஆள் துபாய்க்குப் போய்விட்டார்.

கே: ஈரோட்டில் மஞ்சள் விலை என்ன, பவானிசாகரில் தண்ணி எத்தனை அடி என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்த வெள்ளைக்காரச் சங்கதி எதற்கு?
– பெயர் வேண்டாம் என்றவர், அந்தியூர்

ப: உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வயலின் கச்சேரியோ கிளாரினெட்டோ வைத்தீர்களா? அவையும் கப்பலில் வந்த சாமான்தானுங்க. மஞ்சள் விலைக்கு வேறு பக்கம் இருக்கிறது.

கே: கிடார் கற்றுக்கொள்கிறேன். பழைய மெட்டில் புதிதாகச் செய்த கிடார் இசை ஏதாவது உண்டா?
– பனியன் கம்பெனி டிசைனர், திருப்பூர்

ப: உண்டு. பெஞ்சமின் பிரிட்டன் 1963-இல் ஜூலியன் ப்ரீம் என்ற கிடார் கலைஞருக்காக எழுதிய 'நாக்டர்னல்'. மூலம் 1597-இல் ஜான் டௌலண்ட் அச்சிட்ட பாட்டு, தூக்கத்தை வா வா என்று அழைப்பது. எல்லோரும் மெட்டை முதலில் வாசித்துவிட்டு அப்புறம்தான் அதை மாற்றி மாற்றி விளையாடுவார்கள். பிரிட்டன் தலைகீழாகச் செய்தார். முதலில் தூக்கம் வராத ராத்திரி: புரளல், படபடப்பு, கெட்ட கனவு. மெட்டின் எலும்பு மட்டும் அங்கங்கே தட்டுப்படும். எல்லாம் ஓய்ந்து, கடைசியில்தான் டௌலண்டின் பாட்டு தெளிவாக வரும். வாசிக்கக் கடினம், உடனே ஆரம்பிக்காதீர்கள். கேட்க ஆரம்பியுங்கள்.

இத்தாலிய ரெஸ்பீகி பழைய லூட் (கிடார் மாதிரி ஒரு பழைய தந்தி வாத்தியம்) மெட்டுகளை எடுத்து மூன்று தொகுப்பு செய்திருக்கிறார். இனிமையானவை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கலாம், அதற்குமேல் எனக்கு ஒட்டவில்லை.

கே: நம் கொங்கு நாட்டுப் பழைய மெட்டு எதையாவது இப்படி ஒருவர் எடுத்துச் செய்ய முடியுமா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், காங்கேயம்

ப: கல்யாணத்தில் சொல்கிற மங்கல வாழ்த்தைச் சொல்வேன். ஒரே ஸ்வரத்தை ஒட்டி வரி வரியாகப் போகும், வரி முடிகிற இடத்தில் மேளத்தில் ஒரு தட்டு. தேவாலயத்தில் சங்கீதம் பாடுகிற முறைக்கு அது ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் முதலில் கவலைப் பாட்டு, எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது பாடுவது.

வான் வில்லியம்ஸுக்கு இந்தக் கிறுக்கு 1903-இல் பிடித்தது. எஸெக்ஸ் பகுதியில் ஒரு வயதான கூலியாள் பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் ஊர் ஊராகப் போய் 800-க்கும் மேல் பாட்டு சேர்த்தார். டாலிஸ் மெட்டை அவர் காது அடையாளம் கண்டது அந்தப் பழக்கத்தில்தான் என்பது என் எண்ணம். வயக்காட்டுப் பாட்டும் தேவாலயப் பாட்டும் அவருக்கு ஒரே ஊற்று.

என் அப்புச்சி சென்னிமலைப் பக்கம் கவலை ஓட்டினவர். இரண்டு எருது வாரியில் இறங்கும்போது அவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். சால் மேலே வரும், தண்ணீர் தொட்டியில் சாயும். எருது பின்னாலேயே ஏறவேண்டும். இறங்கும்போது ஒரு அடி, ஏறும்போது ஒரு அடி. இறங்குகிற அடி நீளம், கப்பி கிறீச்சிடுகிற ஸ்வரத்தில் தொடங்கும். ஏறுகிற அடி குட்டை, எருதோடு பேசுகிற மாதிரி. எத்தனை சால் இறைத்தது என்ற கணக்கும் பாட்டிலேயே போகும். நான் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கேட்பேன். மோட்டார் வைத்த வருஷம் பாட்டு நின்றது. அப்புச்சிக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. "இடுப்பு தப்பிச்சுது கண்ணு" என்றார்.

இறங்குகிற அடியைப் பெட்டியில் வாசித்து வைத்திருக்கிறேன். ஐந்து கட்டையில் எடுத்தால் ப, த, ப, ம என்று தொடங்கிக் காந்தாரத்தில் தேங்கி ஸட்ஜத்துக்கு வழுக்கும். வான் வில்லியம்ஸ் டாலிஸ் மெட்டைத் தொடங்குவதும் அதே ஐந்து கட்டையில்தான். ஏறுகிற அடி மூன்றுவரை நினைவிருக்கிறது. சால் கணக்கு இருபதைத் தாண்டினதும் மெட்டு ஒரு முறை திரும்பும், அது எப்படித் திரும்பும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. சென்னிமலை, காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் கவலை ஓட்டின பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் செல்போனில் பாடவைத்துப் பதிந்து இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இருபத்தொன்றாவது சாலிலிருந்து பாடினால் போதும்.